நாலு வாசல் அறை

எங்கள் மொட்டைமாடியில் சோலார் பலகை பொருத்த வந்தவர், உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, நான் கேட்டதில் பாதி பலகை போதும் என்று தன் வியாபாரத்துக்குத் தானே வேட்டு வைத்துக்கொண்டார். வெள்ளையடித்த மாடி, ஒரே அறைக்கு நாலு வாசல், மின்விசிறிக்கே வேலையில்லையாம். எந்த இன்ஜினியர் போட்ட பிளான் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வெள்ளையாலும் அந்த வாசல்களாலும்தான் எட்டு வயதில் நான் ஒரு தெருவையே ஓடவிட்டேன்.

அய்யாவுக்குச் சிவகாசிப் பக்கம் வெடிக் கம்பெனியில் வேலை. சொந்தமாக ஓர் அறை கட்டியபோது நாலு சுவரிலும் வாசல் வைக்கச் சொன்னார். எதற்கு என்று கொத்தனார் கேட்டதற்கு, "காத்துக்கு" என்றார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. காலண்டர் மாட்டக்கூட ஒரு முழுச் சுவர் இல்லையே என்று அம்மாவுக்குத்தான் ஆறாத மனக்குறை. மேற்கு வாசலைச் சாத்தி, அதன் முன்னால் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டாள்.

கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குத்தான் சுற்றிலும் வாசல் இருக்கும், ஏதாவது ஆனால் கிடைத்த பக்கம் ஓடுவதற்கு. எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். சித்தப்பா சும்மா இருக்கமாட்டாமல் என் காதுக்குள் ஊதினார்.

"ஏலே, உங்க அய்யா வீட்டுலயே மருந்து கலக்கப் போறாக. வெளிய சொல்லிராத, போலீஸ் வந்துரும்."

அந்த வாரமே அய்யா சைக்கிளில் ஒரு சாக்கு கொண்டுவந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். மழை வரும்போல் இருந்ததால் அவற்றை அறைக்குள், தையல் மிஷினுக்குப் பக்கத்து டிரம்மில் கொட்டினார். இதில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டு மாடியைக் கூட்டப் போய்விட்டார். சித்தப்பா சொன்ன மருந்து இதுதான் என்று முடிவுகட்டினேன்.

தீபாவளி அனுபவம் கைகொடுத்தது. நமுத்த வெடி வெடிக்காது. ஆகவே அய்யாவையும் வீட்டையும் காப்பாற்ற ஒரு குடம் தண்ணீர் போதும். தூக்க முடியாமல் தூக்கிவந்து டிரம்மில் கவிழ்த்தேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. வேலை முடிந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம். கட்டிகள் பொடபொடவென்று பிளந்தன, டிரம் கொதித்தது, ஆவி கூரையைத் தொட்டது. பக்கத்தில் இருந்த மேற்கு வாசலுக்குத் திரும்பினேன். தையல் மிஷினில் முழங்காலை இடித்துக்கொண்டேன். கொதிக்கிற டிரம்மைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசல் வழியாக வெளியே பாய்ந்தேன். வெடிக்கப் போகுது, வெடிக்கப் போகுது என்று நான் போட்ட கூப்பாட்டில் வெடியே தோற்றிருக்கும்.

எங்கள் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் என்ன ஏது என்று நிற்பதில்லை. முதலில் ஓட்டம், அப்புறம்தான் விசாரணை. சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு ஓடினார். சித்தப்பா எல்லோரையும் முந்திக் கண்மாய்க் கரையில் நின்றார். கையில் யார் வீட்டுக் கோழியோ இருந்தது. அய்யா மட்டும் மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் ஓடினார். தெற்கே நுழைந்து வடக்கே வந்து, என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே மறுபடியும் நுழைந்தார். நான் முருங்கை மரத்தடியில் நின்றேன். அவர் இரண்டாம் தடவை நுழைந்தபோதுதான், இங்கன இருக்கேன் என்று கத்தினேன்.

விஷயம் இவ்வளவுதான்: மாடி வெயிலில் தகிக்காமல் இருக்க அடிப்பதற்கு வாங்கிய சுண்ணாம்புக் கல். மறுநாள் அய்யா தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு நீற்ற இருந்ததை நான் முந்திக்கொண்டேன். பால் மாதிரி வாளியில் கரைத்ததைத்தான் அதுவரை சுண்ணாம்பு என்று நம்பியிருந்தேன்.

"சுண்ணாம்பு ரெடியாயிருச்சு. வெத்தல பாக்கு நான் வாங்கியாரவாலே?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு இருந்தது, அய்யா இருந்தார், போலீஸ் வரவில்லை. இனி என்ன வேண்டும்?

அய்யா சிரிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. என் கையையும் காலையும் தடவிப் பார்த்தபடி, நடந்ததை முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"மேக்கு வாசப் பக்கத்துலதான நின்ன? ஏம்லே டிரம்மச் சுத்தி வந்த?"

"அங்கன அம்மா மிஷினு கெடக்குல்ல."

அய்யா உள்ளே போனார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தையல் மிஷினைத் தனியாளாக இழுத்து முற்றத்தில் போட்டார். மேற்கு வாசலைத் திறந்தார். அதன்பின் அந்த வாசல் முன்னால் ஒரு செம்பு வைக்கக்கூட அவர் விட்டதில்லை.

  மனுசனுக்குக் காற்றின்மேல் இவ்வளவு ஆசையா என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.