கோயிலுக்குள் வந்த கணக்கப்பிள்ளை

1950களில் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து பறித்தேன். ஞாயிறுதோறும் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலிருந்த சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவேன். உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கியதுமே தூங்கிவிடுவேன். பாதிப் பேர் என்னைப் போலத்தான்.

ஒரு ஞாயிறு, ஆராதனை நடுவில், எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தார். கொழுந்து முற்றுகிறதாம்; எல்லோரும் உடனே பறிக்க மலைக்கு வர வேண்டுமாம்.

"ஜெபம் முடியட்டுங்க ஐயா" என்றார் உபதேசியார்.

கணக்கப்பிள்ளை என்னைக் காட்டிச் சிரித்தார். "இந்தப் பொம்பளையப் பாருங்க. தூங்கத்தானே வந்திருக்கு? அந்த நேரத்துல கொழுந்து எடுக்கலாம்ல?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆறு நாள் எங்கள் இடுப்பை ஒடிக்கிற மனிதர், ஏழாம் நாள் எங்கள் அசதியைக் கேலி செய்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இன்னும் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"தூங்குனது நெசந்தாங்க. இப்ப முழிச்சிட்டேன். ஆராதனை முடியாம நாங்க வர மாட்டோம்."

நானே பாட்டை எடுத்தேன். ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்து பாடினார்கள். அவர் வெளியேறினார்.

மறுநாளே என்னைச் செங்குத்தான மலைக்கு அனுப்பிப் பழிதீர்த்தார். அவரை மன்னிக்கும் மனம் வேண்டுமென்று இன்றும் ஜெபிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் முதலில் வருகிறது. ஆனால், ஜெபத்தில் தூக்கம் வருவதில்லை.