குமரேசன் கட்டிய கடைசி ஒட்டு

அடி அண்ணாமலையில் வேதா வீட்டு வாசலில் நிற்கும் கொன்றை இந்தச் சித்திரையில்தான் முதன்முதலாகப் பூத்தது. இலை உதிர்ந்த கிளைகளில் சரம்சரமாக மஞ்சள். கிரிவலம் வந்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வேதா மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூத்திருக்க வேண்டியது வேறு நிறம்.

அவள் கணவர் குமரேசன் செங்கம் ரோட்டு நர்சரி ஒன்றில் இருபது வருடம் ஒட்டுக் கட்டியவர். அதே ரோட்டில் ஒரு விடுதி வாசலில் கலப்புக் கொன்றை நின்றது. நம் மஞ்சள் சரக்கொன்றையும் வெளிநாட்டு ரோஸ் கொன்றையும் சேர்ந்த ஜாதி; ஒரே கொத்தில் இரண்டு நிறமும் குழைந்து வரும். விதை பிடிக்காது, ஒட்டுக் கட்டினால்தான் உண்டு. மாடி எழுப்ப அதை வெட்டியபோது குமரேசன் ஓடிப்போய் நாலு குச்சி கொண்டுவந்தார். நர்சரியில் கட்டிய மூன்றும் காய்ந்துபோயின. வீட்டுச் சரக்கொன்றைக் கன்றில் கட்டிய ஒன்றுதான் மிச்சம். அதற்குள் சிறுநீரகம் கெட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

"ஒட்டு துளிர்த்துச்சா வேதா?" தினமும் இதே கேள்விதான்.

கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவந்த பக்கத்து வீட்டுக் காசியம்மாள் ஒருநாள் போனில் சொன்னாள்: "கட்டுன குச்சி கருகிப்போச்சுடி. அதுக்கு அடியில, பழைய கன்னுலதான் துளிர் வருது."

வேதா கட்டில் பக்கம் திரும்பி, "புடிச்சிக்கிச்சுங்க, ரெண்டு இலை விட்டிருக்குதாம்" என்றாள். அவர் சிரித்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

சாகக் கிடந்தவரிடம் பொய் சொன்னது ஐந்து வருடமாக அவளை அரித்தது. கன்றை வெட்டவும் மனம் வரவில்லை.

பூத்த சேதி கேட்டு, குமரேசனோடு வேலை பார்த்த புகழேந்தி வந்து நின்றபோது அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"அவருக்குத் தெரியும் அண்ணி" என்றான் அவன். "நீங்க மருந்து வாங்கப் போன நேரம் எனக்குப் போன் பண்ணாரு. 'ஒட்டு போயிடுச்சுடா. அவ மூஞ்சியே சொல்லுது. எனக்காகப் பொய் சொல்றா. நீ அவகிட்ட இந்தப் பேச்சே எடுக்காத'ன்னாரு."

"ஏம்பா இத்தனை நாளா சொல்லல?"

"பேச்சே எடுக்காதன்னாரே அண்ணி."

வேதா மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.