ஒரே கையெழுத்தில் இரண்டு ஊர்

எழுபதுகளில் நான் கிளார்க்காக இருந்த பஞ்சாயத்து, வரதய்யபாளையத்திலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகிற வழியில் இருந்தது. பஞ்சாயத்து என்று நான்தான் சொல்கிறேன். எங்கள் சர்பஞ்சை, அதுதான் பஞ்சாயத்துத் தலைவரை, கேட்டால் அது ஒரு தனி நாடு. அவர் ஜனாதிபதி, அவருடைய மச்சான்கள் மந்திரிசபை, அரசாங்க ஊழியர் மொத்தமும் நான் ஒருத்தன். இவ்வளவு பெரிய நாட்டில் குடிக்கத் தண்ணிதான் இல்லை. ஊர்க் கிணறு ஒரே உப்பு. நல்ல தண்ணிக்கு ஒரு மைல் நடந்து வயல் கிணற்றுக்குப் போகணும். என் பெண்டாட்டிக்கு அப்போ நாலாம் மாசம். காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை. நீ கூடப் போனாயா என்று கேட்காதீர்கள். கிளார்க்கு குடம் தூக்கினால் கவுரவம் என்னாவது!

சிறந்த பஞ்சாயத்துப் பரிசுக்கு என்று சித்தூரிலிருந்து ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. பெரிய ஆபீசர் கையால் ஷீல்டு வாங்கி, அந்தப் போட்டோவை எலெக்ஷன் நோட்டீசில் போட வேண்டும் என்று சர்பஞ்சுக்கு ஆசை. "எல்லாம் இருக்குன்னு போடுய்யா, கை தேஞ்சா பூடப்போவுது?" என்றார். போட்டேன். சாக்கடை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, குடிநீர் தாராளம். நூலகம் என்பது அவர் வீட்டுக் காலண்டரும் நாலு பழைய பேப்பரும்.

இரண்டு மாசம் கழித்து சமிதி ஆபீசிலிருந்து, அதாவது யூனியன் ஆபீசிலிருந்து, ஒரு கடிதாசி. பின்தங்கிய ஊர்களுக்கு போர் போட்டு அடிபம்பு தரப் போகிறார்களாம். சர்பஞ்சுக்கு அதுவும் வேணும். "இப்போ நாம சோத்துக்கே இல்லாதவங்கன்னு எழுது" என்றார். தண்ணியைப் பற்றி எழுதும்போது மட்டும் நான் மனசார எழுதினேன். அந்த வரிகள் அத்தனையும் சத்தியம்.

சமிதி ஆபீசர் பார்க்க வந்த அன்றைக்கு ஊரே ஏழையாகிவிட்டது. எல்லையோரத்தில் சம்பந்தி வீடு அந்தப் பக்கம் இல்லாதவன் எவன்? சைக்கிள், ரேடியோ, பித்தளை அண்டா எல்லாம் காலையிலேயே மாட்டு வண்டி ஏறி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டன. சர்பஞ்ச் கிழிந்த பனியனோடு வந்து நின்றார். அடேங்கப்பா, என்ன நடிப்பு! என் பெண்டாட்டிக்கு வேஷம் தேவைப்படவில்லை. இடுப்பில் குடத்தோடு, வேர்த்து ஊற்ற, கிணற்றிலிருந்து அப்படியே வந்து நின்றாள்.

ஆபீசர் நல்ல மனுஷன். அவளைப் பார்த்ததும் முகம் மாறி, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அவர் கூட வந்த குமாஸ்தா, கட்டையில போறவன், பையிலிருந்து, சமிதி வழியாகப் போயிருந்த எங்கள் பரிசுப் பாரத்தை எடுத்து நீட்டினான். ஆபீசர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவி ரெண்டூ நுவ்வே ராசாவா?" என்று, இரண்டும் நீ எழுதினதா என்று தெலுங்கில் என்னைக் கேட்டார்.

"அவுனு சார், நான்தான் எழுதினேன்."

"இதுல எது பொய்?"

முதலாவது பொய் என்றால் ஷீல்டு போச்சு, மறுநாளே சர்பஞ்ச் என் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார். இரண்டாவது பொய் என்றால் பம்பு போச்சு. சர்பஞ்ச் என்னை முறைத்தார். அவள் குடத்தை இறக்காமல் என்னையே பார்த்துக்கினு இருந்தாள்.

"ரெண்டாவது சார்" என்றேன்.

த்தூ! இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஷீல்டு எங்களுக்கு வந்தது. பம்பு அடுத்த ஊருக்குப் போனது. வயல் கிணறும் வற்றிவிட, கவுரவத்தை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு நானே சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு அவளோடு அங்கே போனேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "ஏம்மா, புள்ளத்தாச்சிப் பொண்ணு இம்மாந்தூரம் வர்றியே, உங்க ஊருக்கு ஒரு பம்பு குடுக்க மாட்டேன்னுட்டானுங்களா?" என்று கேட்டாள்.

என் பெண்டாட்டி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அத இவரக் கேளுங்கம்மா. ஆபீசருக்கு இவருதான் பதில் சொன்னாரு" என்றாள்.

வரிசையில் இருந்த அத்தனை பேரும், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னைப் பார்த்தார்கள்.