தேடினால் கிடைக்கும் லாட்ஜ்

எங்கள் லாட்ஜுக்கு வந்த போன்களில் பாதி, கோயில் நடை எப்போது திறக்கும் என்று கேட்பவை. மீதி, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டதும் வைத்துவிடுபவை. அறை இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் கணவர் முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார், பிறகு சிடுசிடுத்தார். கடைசியில் போனை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

லாட்ஜ் இருப்பது குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில். மாமனார் கட்டியது. கீழே அறைகள், மாடியில் எங்கள் குடித்தனம். முன்பெல்லாம் சீசன் வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஆட்டோக்காரர்கள் ஆட்களைக் கூட்டி வந்து இறக்கிவிடுவார்கள். இப்போது மதுரையில் கார் கிளம்புவதற்கு முன்பே போனில் தேடி, எங்கே தங்குவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். எங்களுக்கும் ஒரு வெப்சைட் இருக்கத்தான் செய்தது. தென்காசியில் ஒருவர் செய்து கொடுத்தது. இருந்தும் போன சீசனில் பாதி அறைகள் பூட்டியே கிடந்தன.

இந்த சீசனும் இப்படியே போனால் லாட்ஜைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று என் கணவர் முடிவெடுத்திருந்தார். பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மாடியும் சேர்த்து வேண்டும் என்றார். நாங்கள் தென்காசியில் வாடகை வீடு பார்த்துப் போக வேண்டியதுதான்.

சேதி காதில் விழுந்ததும் குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள் என் நாத்தனார். என் கணவருக்கு ஒரே தங்கை. அந்த மாடியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டு, வீட்டில் இருந்தபடியே வெளியூர்க் கம்பெனிகளுக்கு வெப்சைட் வேலை பார்க்கிறாள். வாய் ஜாஸ்தி என்று அவளை நான் கேலி செய்வதுண்டு. மூளை அதைவிட ஜாஸ்தி என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவள் செய்த முதல் காரியம், வெளியூர்க்காரர் எப்படித் தேடுவாரோ அப்படித் தேடியது. குற்றாலத்தில் தங்க லாட்ஜ் என்று போட்டாள். வரிசையாக லாட்ஜுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு, கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. எங்களுடையதைக் காணவில்லை. தள்ளிக்கொண்டே போய், எங்கோ ஆழத்தில் கண்டுபிடித்தாள். தலைப்பில் ‘ஸ்ரீ குற்றாலநாதர் துணை’ என்று இருந்தது. அதற்குக் கீழே, ‘எல்லாம் வல்ல இறைவனின் திருவருளாலும் பெரியோர்களின் நல்லாசியாலும் எங்கள் தந்தையார் அவர்களால்’ என்று ஆரம்பித்து, லாட்ஜ் என்ற சொல் வருவதற்கு முன்பே புள்ளி வைத்து முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். வெப்சைட்டில் என்ன போட வேண்டும் என்று கேட்டவரிடம் என் கணவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கம் மளிகைச் சாமான் எழுதினாலும் மேலே சாமி பெயர் எழுதாமல் ஆரம்பிக்க மாட்டார்கள். அந்த மனிதர் முதல் வரியை அப்படியே தலைப்பாக்கி, அடுத்த வரியை விவரம் என்று போட்டுவிட்டார். கோயில் நடையைக் கேட்டு போன் செய்தவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, பாவம்.

நாத்தனார் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று சொல்லும் வரிகள் இருக்கின்றன. தலைப்பைப் பார்த்துத்தான் தேடுபொறி இது லாட்ஜா கோயிலா என்று பெரும்பாலும் யூகிக்கிறது. கீழே வரும் விவரத்தால் பக்கம் மேலே ஏறிவிடாது, ஆனால் தேடுகிற ஆள் உள்ளே வருவதா வேண்டாமா என்பதை அதைப் படித்துத்தான் தீர்மானிக்கிறார். படங்களுக்கும் அப்படி ஒரு வரி உண்டு. எங்கள் அறைப் படங்களுக்குப் பின்னால் போன் தானாகக் கொடுத்த எண்கள்தான் இருந்தன.

என் கணவர் முறுக்கிக்கொண்டார். சீசன் நேரத்தில் சாமி பெயரை எடுப்பதா என்று ஒரே பிடிவாதம். எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்குக் கோபமே வரவில்லை.

“சாமி எங்கயும் போவலண்ணே. உள்ள வந்ததும் மொத மொதல்ல அவரு பேருதான் தெரியும். ஆனா ரோட்டுல போறவனுக்கு இது லாட்ஜுன்னு தெரியாண்டாமா?” என்றாள்.

அவர் சரி என்றார், சொன்ன வேகத்தில் நேர்மாறாக மறுபக்கம் சாய்ந்துவிட்டார். தலைப்பில் எல்லா அருவிகளையும் போடு என்றார். மெயின் அருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம், போதாததற்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாலருவி. அறை ஜன்னலிலிருந்து அருவி தெரியும் என்றும் போடச் சொன்னார். எங்கள் ஜன்னலில் தெரிவது மலையும் எதிர்க்கடை அல்வா போர்டும். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். இல்லாததைத் தலைப்பில் சொன்னால், ஆசையாக உள்ளே வந்தவன் வந்த வேகத்தில் திரும்பிப் போய்விடுவான், அதனால் நமக்கு என்ன லாபம் என்றாள்.

அதன்பிறகு அவள் செய்ததுதான் என்னை அசத்தியது. தலைப்பை உடனே எழுதவில்லை. தினமும் வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்து போன்களை அவளே எடுத்தாள். நாங்கள் சலித்துக்கொண்ட அதே அழைப்புகளை, யாரோ முக்கியமானவர் பேசுவதுபோல் கேட்டாள். தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா, வயதானவர்கள் நிற்க முடியுமா என்று ஒவ்வொருவரும் கேட்பதை நிதானமாக வாங்கிக்கொண்டாள். கடைசியில் என்னிடம் சொன்னாள்: “மைனி, யாரும் ரூம் தேடல. தண்ணி இருக்கான்னுதான் தேடுதாவ. தண்ணி இருக்குன்னு தெரிஞ்ச பெறவுதான் ரூம்பு.”

தலைப்பு, குற்றாலம் ஐந்தருவி சாலையில் குடும்பத்தோடு தங்க லாட்ஜ் என்று மாறியது. கூடவே, இன்றைய அருவி நிலவரம் என்றும் சேர்த்தாள். விவரத்தில், தினமும் காலையில் நேரில் பார்த்து எழுதுகிறோம், வருமுன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போட்டாள். படங்களுக்குப் பின்னால், மலையைப் பார்த்த ஜன்னல், தரைத்தள அறை, முதியவர்கள் படி ஏற வேண்டியதில்லை என்று எளிய வரிகள். நேரில் பார்த்து எழுதும் வேலை அவள் அண்ணன் தலையில். முணுமுணுத்துக்கொண்டே குடையோடு கிளம்பிப் போனார்.

ஒன்றும் உடனே நடக்கவில்லை. தேடுபொறி அதன் வசதிப்படிதான் வந்து எட்டிப் பார்க்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். கோயில் நடை கேட்கும் போன்கள் முதலில் நின்றன. சாரல் பிடித்தது. அறை கேட்டு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்து, சில அறைகள் நிரம்பின. அது போதுமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாவூர்சத்திரத்து அண்ணாச்சி, ஒரு முடிவு சொல்லுங்கள் என்று நேரிலேயே வந்துவிட்டார்.

அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வேன் நின்றது. விருதுநகர்க் குடும்பம், பெரியவர்களும் குழந்தைகளுமாக இறங்கினார்கள். என் கணவர் முகம் வாடிவிட்டது. அன்று காலை அவர் எழுதியிருந்தது, மெயின் அருவியில் தண்ணீர் குறைவு, ஐந்தருவியில் மட்டும் குளிக்கலாம் என்று. இதைப் படிக்காமல் வந்திருப்பார்களோ, சண்டைக்கு நிற்பார்களோ என்று பயந்து, அவராகவே அதைச் சொல்லிவிட்டார்.

அந்தக் குடும்பத்துப் பெரியவர், “படிச்சிட்டுத்தான் வந்தோம். எல்லா இடத்துலயும் கொட்டுது கொட்டுதுன்னு போட்டிருந்தான். கம்மின்னு சொன்னது நீங்க மட்டும்தான். அதான் இங்க வந்தோம்” என்றார்.

என் கணவர் சாவிகளை எடுத்துக் கொடுத்தார். வேறு யாரோ அறை கேட்டு போன் செய்தார்கள். அவர்களுக்கும் நிலவரத்தைச் சொல்லி, கடைசியாக இருந்த அறையைக் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

“கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. நானே பாத்துக்கிடுதேன்.”

அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, தன் கமிஷன் கடைக்கும் இப்படி எழுதித் தருவாளா என்று என் நாத்தனாரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் உடனே அவளுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. இத்தனை நாளும் தலைப்பு, விவரம், படம் என்று பேசினாளே தவிர, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நீங்க வாடகை வீட்டுக்குப் போயிட்டா நான் எங்க மைனி வருவேன்?” என்றாள். “அண்ணன் இருந்தாலும் அது அம்மா வீடாவுமா?”

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே வா என்றேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, வழக்கமான குரலில், “ரூம்பு காலி இருக்கா?” என்று கேட்டாள்.

“கீழ ஒண்ணும் இல்லட்டி” என்றேன். “நீ மாடிக்கு வா.”