கீழே விழுந்தால் தொடாதே

ரைலி எதையும் பாதியில் விட்டுவிடுகிறவள் என்று கௌஹாவா ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அக்கா தெல்லெர்வோதான்.

பேச்சில் உண்மை இல்லாமலும் இல்லை. ஒற்றைக் கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர்கள் மூன்று அவள் அலமாரியில் கிடந்தன. தேவாலயப் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸ் வரை பாடினாள். ஈஸ்டருக்கு அவள் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், ஆறாவது நாள் சொல்லிக் கொடுப்பவர் விட்ட பெருமூச்சில் மனசு ஒடிந்து நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருடக் கல்யாணமும் பாதியில்தான் நின்றது. விட்டுப் போனது புருஷன்தான். ஆனாலும் அக்கா அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டாள்!

ஐம்பத்து மூன்று வயதில் ரைலி துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறாள் என்றதும் தெல்லெர்வோ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"குழந்தைங்களுக்குக் கஞ்சி ஊட்டுறவளுக்குப் பிஸ்டல் எதுக்குடி?"

"பொழுது போகணும்ல அக்கா."

"போகும், போகும். ரெண்டு மணிக்கு நான் காபி போடுறேன், பாரு. நீ அதுக்குள்ள இங்க வந்து ஒக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருப்பே."

"இன்னிக்கு அஞ்சு சுத்து. அஞ்சையும் முடிச்சுட்டுத்தான் வருவேன்."

"ஸ்வெட்டரைக் கூட அப்படித்தான் சொன்னே."

ரைலி தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். சைக்கிளை எடுத்தாள். பிர்ச் மரங்கள் துளிர்விட்டிருந்த மே மாதச் சனிக்கிழமை அது. வயல்களுக்கு நடுவே நேராகப் போகிற சாலையில், எதிர்க்காற்றில், 'ஐந்து, ஐந்து' என்று மனசுக்குள் சொல்லியபடியே மிதித்தாள். இந்த ஒன்றையாவது கடைசிவரை முடித்துவிட வேண்டும். முதல் பரிசு வேண்டாம், கடைசி இடம் போதும். ஆனால் கடைசிவரை!

அவளை இதில் இழுத்துவிட்டவள் மிந்து. இருபத்தெட்டு வயது, மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவள். ஒரு காலத்தில் ரைலி வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் மூக்கொழுகிக்கொண்டு திரிந்த மிந்து. அவளுக்கு ஷூ நாடா கட்டிவிட்ட அதே ரைலிக்கு, இன்று சுடும் களமாகிவிட்ட பழைய மணல் பள்ளத்தின் ஓரத்தில் நின்று மிந்து இடுப்பில் பெல்ட் மாட்டிவிட்டாள்.

"மூச்சை உள்ள இழுங்க அத்தை."

"இழுத்துட்டேன்டி. இதுக்கு மேல இழுத்தா நான் இல்ல."

பிஸ்டல் துப்பாக்கி சுடும் சங்கத்துடையது. சொந்தமாக வாங்க அனுமதி கேட்பதற்கே இன்னும் இரண்டு வருடம் ஒழுங்காகப் பயிற்சிக்கு வரவேண்டும். பெல்ட்டும் அதில் தொங்கிய உறையும் மிந்துவுடையவை. மின்னல் வேகத்தில் உருவுகிறவள் என்பதால் உறையில் பிஸ்டலை இறுக்கிப் பிடிக்கும் திருகாணியைச் சற்றுத் தளர்த்தியே வைத்திருப்பாள்.

நடுவர் என்சியோ எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அறுபது வயது, பன்றிப் பண்ணைக்காரர், ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசாதவர். வசந்த காலத்தில் நான்கு மாலைகள் வகுப்பு எடுத்ததும் அவர்தான். இப்போதும் அதையே ஒருமுறை சொன்னார்.

"நான் சொல்ற வரைக்கும் பிஸ்டல் உறையை விட்டு வெளிய வரக்கூடாது. ஓடும்போது விரல் விசைமேல இருக்கக்கூடாது. பிஸ்டல் குழாய் உங்க தோள் கோட்டைத் தாண்டிப் பின்னால திரும்பக்கூடாது. பிஸ்டல் கீழ விழுந்தா தொடாதீங்க. காலியா இருந்தாலும் தொடாதீங்க. நின்ன இடத்துல நின்னு என்னைக் கூப்பிடுங்க. எடுத்தீங்கன்னா அன்னிக்குப் போட்டி அவ்வளவுதான்."

"வார்த்தை எல்லாம் தீர்ந்துபோச்சு, இனி நாளைக்குத்தான் பேசுவாரு" என்றான் தவுனோ. ஊர்த் தபால்காரன். யாரையாவது சீண்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. "அத்தை, காப்பகத்துல மாதிரி மத்தியானம் தூங்க விடுவாங்கன்னு நெனச்சு வந்துட்டீங்களா?"

"உன்னைத் தூங்கவெக்க ரெண்டு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பேசாம நில்லுடா."

எல்லோரும் சிரித்தார்கள். தவுனோவின் காது சிவந்தது.

சுடுவதற்கு முன் களத்தைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பலகைத் தடுப்புகள், அவற்றுக்குப் பின்னால் பழுப்பு அட்டைகள், கடைசியில் இரும்புத் தகடுகள். வளர்ந்த மனிதர்கள் பத்துப் பேர் இரண்டு கைகளையும் கூப்பி, விரலை நீட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே தடுப்புக்குத் தடுப்பு ஓடினார்கள். எங்கே நிற்பது, எதை முதலில் சுடுவது, எங்கே குண்டு அடைத்த மேகசினை மாற்றுவது என்று ஒத்திகை. 'விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டாதே' என்று முப்பது வருடம் குழந்தைகளை அதட்டியவள் ரைலி. இப்போது தானும் விரலை நீட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினாள். வெட்கமாகவும் இருந்தது, கொள்ளைச் சந்தோஷமாகவும் இருந்தது.

"தயாரா?" என்றார் என்சியோ, கையில் நேரக் கருவியோடு.

பீப்.

என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பிஸ்டல் கையில் இருந்தது. அட்டைகள் வந்தன, போயின. ஒரு தகடு மட்டும் ஐந்து முறை சுட்டும் சிரித்துக்கொண்டே நின்றது, ஆறாவது குண்டில் 'டங்' என்று விழுந்தது. அந்தச் சத்தம்! சர்ச் மணியைக் கூட அவள் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. மேகசினைக் கழற்றி, உள்ளே காலி என்று என்சியோவிடம் காட்டி, உறையில் போட்டாள். ஐம்பத்தோரு விநாடி. ஓர் அட்டையை முழுக்க மறந்தே போயிருந்தாள். மிந்து அதே களத்தைப் பதினான்கு விநாடியில் முடித்தாள்.

"பாதுகாப்பா சுட்டே" என்றார் என்சியோ. அவர் வாயிலிருந்து வந்தால் அது மாலை போட்ட மாதிரி.

இரண்டாம் சுற்றில் மழை தூறியது. மூன்றாம் சுற்றில் ரைலி ஓர் அட்டையைக்கூடத் தவறவிடவில்லை. தவுனோவே, "அடப் பாவமே, அத்தை என்னை முந்திருவாங்க போலிருக்கே!" என்றான். மணி ஒன்றே முக்கால். இன்னும் இரண்டே இரண்டு சுற்று.

ஒருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் ஓடிப்போய் அட்டைகளில் விழுந்த ஓட்டைகளைப் பழுப்புக் காகிதத் துண்டுகளால் ஒட்டி மூட வேண்டும். அடுத்தவருக்கு அட்டை புதிதாக இருக்க வேண்டுமே. ரைலி கடைசித் தடுப்புக்குப் பின்னால் தனியாக இருந்தாள். அங்கே ஓர் அட்டை தரையை ஒட்டி இருந்தது. நன்றாகக் குனிந்தாள்.

சொத்தென்று ஒரு சத்தம். இடுப்பு சட்டென்று லேசாயிற்று. பிஸ்டல் மணலில் கிடந்தது.

முப்பது வருடம்! கரண்டி, பால் குவளை, பொம்மை, கையுறை என்று குழந்தைகள் கீழே போட்ட எதுவும் இரண்டாம் முறை துள்ளுவதற்குள் ரைலியின் கையில் இருக்கும். அந்தக் கை அவளைக் கேட்கவில்லை. எடுத்தது, மணலைத் தட்டியது, உறைக்குள் செருகியது. அதன் பிறகுதான் என்சியோ சொன்ன விதி அவளுக்கு ஞாபகம் வந்தது.

சுற்றிப் பார்த்தாள். முன்னால் பலகை, பின்னால் மணல் மேடு. யாரும் பார்க்கவில்லை.

பிஸ்டல் காலி. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. வாயை மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு சுற்று, அப்புறம் அக்காவின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்று சொல்லலாம்: முடித்துவிட்டேன். ஒரே ஒருமுறை, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை! கண்ணில் நீர் முட்டியது. கையிலிருந்த காகிதத் துண்டை அட்டையில் ஒட்டினாள். ஓட்டையின்மேல் ஒட்டவில்லை, பக்கத்தில் ஒட்டினாள்.

பிறகு நேராக என்சியோவிடம் நடந்தாள்.

"அண்ணே, பிஸ்டல் விழுந்துருச்சு. நான் எடுத்துட்டேன்."

என்சியோ வாய் திறப்பதற்குள் மிந்து ஓடிவந்தாள்.

"ஐயோ அத்தை! யாரு பாத்தா? யாருமே பாக்கலையே! அண்ணே, என் உறைதான் லூசு, என் தப்பு!"

"உறை உன்னுதுதான்டி கண்ணு, கை என்னுது" என்றாள் ரைலி. "யாருடா தள்ளிவிட்டது, கையைத் தூக்குன்னு உங்களை எல்லாம் எத்தனை தடவை நிக்க வெச்சிருக்கேன். இப்ப நான் தூக்காம இருந்தா?"

என்சியோ தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "நல்லாத்தான் சுட்டே" என்றார். "ஆனாலும் விதி விதிதான்மா."

"தெரியும்ணே."

அவர் அவளை மணல் மேட்டைப் பார்த்து நிற்கவைத்து, பிஸ்டலை உருவி, உள்ளே காலி என்று பார்த்து, பெட்டியில் வைத்து மூடினார். புள்ளித் தாளில் அவள் பெயருக்கு நேரே 'நீக்கம்' என்று எழுதினார். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

சைக்கிளை நிறுத்திய இடத்துக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது.

"காபி கொதிக்குது" என்றாள் தெல்லெர்வோ. "எங்கே இருக்கே?"

"சைக்கிள் பக்கத்துல."

"வெளிய அனுப்பிட்டாங்களா?"

"ஆமா."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. "சரி, வா" என்றாள் அக்கா, அவளுக்கே பழக்கமில்லாத மெதுவான குரலில். "ஏலக்காய் பன் இருக்கு."

ரைலி சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பள்ளத்திலிருந்து பீப் சத்தம் கேட்டது, படபடவென்று குண்டுகள், ஒரு 'டங்'. பிறகு மிந்துவின் குரல்: "ஒட்டுறதுக்கு ஆள் வாங்கப்பா, கை பத்தல!"

சுடக் கூடாது என்றுதான் சொன்னார்கள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லையே!

"அக்கா, பன்னை மூடி வை. இங்க வேலை முடியல."

"உன்னைத்தான் அனுப்பிட்டாங்களே?"

"அனுப்பினாங்க. நான் போகல."

நான்காம் சுற்றில் எல்லோரைவிடவும் வேகமாக ஓட்டைகளை மூடியது ரைலிதான். மூன்று விரலில் மூன்று துண்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒட்டுவது காப்பகத்து வித்தை. ஐந்தாம் சுற்றில் என்சியோ புள்ளித் தாளை அவளிடம் நீட்டினார். மிந்து சுடும்போது, "அவசரப்படாதேடி! மூச்சு விடு!" என்று கத்தி, புள்ளி எழுதுகிறவர் கத்தக்கூடாது என்று திட்டும் வாங்கினாள். கடைசி ஆள் கடைசித் தகட்டை வீழ்த்தியபோது மணி ஆறு. ரைலி அங்கேயே நின்றிருந்தாள், காலணி முழுக்க மணல், விரல் முழுக்கப் பசை.

தீமூட்டிச் சாசேஜ் சுட்டார்கள். என்சியோ முடிவுகளை வாசித்தார். மிந்துவுக்கு இரண்டாம் இடம். பட்டியலின் அடியில், புள்ளி எதுவும் இல்லாமல், ரைலியின் பெயர். அதையும் அவர் நிறுத்தி, தெளிவாக வாசித்தார். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ரைலி புகை கண்ணில் பட்டதாகச் சொன்னாள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தவுனோவின் குச்சியிலிருந்து கடுகு விழுது பூசிய சாசேஜ் நழுவி மணலில் விழுந்தது.

"யாரும் தொடாதீங்க!" தவுனோ இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, சிலையாக நின்றான். "நான் தொடல! சாட்சி இருக்கு! நடுவரைக் கூப்பிடுங்க!"

என்சியோ மெதுவாக எழுந்து வந்தார். சாசேஜ் முன்னால் குந்தினார். இரண்டு விரலால் எடுத்து, மணல் மேட்டைப் பார்த்துத் திருப்பி, இந்த முனையையும் அந்த முனையையும் உற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"காலி" என்று சொல்லி, தவுனோவின் தட்டில் வைத்தார்.

மிந்து சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து சரிந்தாள். ரைலிக்கு வயிறு வலித்தது. இந்த முறை கண்ணீரைப் புகைமேல் போடவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் என்சியோ அவள் முன்னால் ஒரு தாளை நீட்டினார். அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் தாள்.

"சுடவா, ஒட்டவா?" என்று கேட்டாள் ரைலி.

"ரெண்டுக்கும்" என்றார் என்சியோ.

பசை ஒட்டிய விரலால் பேனாவைப் பிடித்து, முதல் வரியில், பெரிய எழுத்தில் அவள் தன் பெயரை எழுதினாள்.