இரண்டாம் தடவை ஐந்து வயது

ஐந்து வயதை நான் இரண்டு தடவை கடந்தவன். முதல் தடவை எல்லாரையும் போல, யாரும் பெரிதாகக் கவனிக்காமல். இரண்டாம் தடவை எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, சிலாபத்தில். இன்றைக்கு என் வயிறு எனக்கு முன்னால் கதவைத் தாண்டுவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையை நம்புவது கஷ்டம்.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, அப்போது பாலர் பாடசாலை ஆசிரியையாவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிச் சிலாபத்துக் கன்னியர் மடத்துக்குப் போவாள். திரும்பி வந்ததும் எங்களைப் பிடித்து உட்காரவைத்து அதே பாடத்தை நடத்துவாள். பிள்ளை எந்த வயதில் ஒற்றைக் காலில் நிற்கும், எந்த வயதில் பந்தைப் பிடிக்கும், எப்போது சட்டைப் பொத்தானைத் தானே பூட்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மனிதருக்கு என்னென்ன தேவை என்பதை ஒரு வெள்ளைக்காரர் படிப்படியாக அடுக்கியிருக்கிறாராம். அதையும் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் முக்கோணமாகக் கீறி அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். அடிப்படியில் சோறு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு. பிறகு அன்பு, மதிப்பு. உச்சியில், தன் திறமையை முழுதாக அடைவது.

கடலுக்குப் போய் வந்த அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோயில் கோபுரம் நல்லாத்தான் கீறியிருக்கிறாய். உச்சியில குருசை விட்டுட்டியே."

"இது மனுசருக்குத் தேவையானது, அத்தான்."

"அப்ப மனுசருக்குக் குருசு தேவையில்லையோ?"

பகடி பேசினாலும் அப்பா ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். பாஸானால் சின்னம்மா ஊரிலேயே படிப்பிக்கலாம். இல்லாவிட்டால் குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு. பாஸ்போட்கூட எடுத்தாயிற்று. அதிலிருந்த படத்தில் சின்னம்மா ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி இருந்தாள்.

கடைசிச் சோதனைக்கு ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வயது வளர்ச்சியைப் பெரிய சிஸ்டருக்கு முன்னால் காட்ட வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பழக்கி வைத்திருந்தாள். சோதனையன்று விடியப் பார்த்தால் அதற்குக் கூவைக்கட்டுக் காய்ச்சல். இரண்டு கன்னமும் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தன. சின்னம்மா வாசலில் நின்று ஊர்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் அளந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவனுக்கு ஏழு முடிஞ்சுதே" என்றாள் அம்மா.

"ஆருக்குத் தெரியும் அக்கா? ஆளைப் பாருங்க. அஞ்செண்டாலே கூடத்தான்."

எங்கள் கரையில் அது குறையாகவே தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் என் அளவுதான். 'வள்ளத்துக்குப் பாரமில்லாத ஆள்' என்று அப்பாவின் கூட்டாளிகள் என்னைச் சொல்வார்கள். நான் அதைப் பட்டம்போலச் சுமந்து திரிந்தேன்.

பஸ்ஸில் சின்னம்மா சொல்லித் தந்தாள். "ஆர் கேட்டாலும் அஞ்சு. மற்றது, வாயைத் திறக்காதே." என் முன்பற்கள் விழுந்திருந்ததும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவை விழாது என்பதும் அவளுக்குப் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தன.

மடத்தில் நான் பிரமாதமாக நடித்தேன். ஒற்றைக் காலில் நின்றேன். ஐந்து வயதுக்காரன் கொஞ்சம் ஆடுவான் என்பதால் கொஞ்சம் ஆடினேன். பந்தைப் பிடித்தேன், ஒன்றை வேண்டுமென்றே தவறவிட்டேன். மணிகளை நூலில் கோர்த்தேன். கோர்த்து முடிந்ததும் கை தன்பாட்டில் வலைமுடிச்சுப் போட்டுவிட்டது. சிஸ்டர் புருவத்தை உயர்த்தினார்.

"கெட்டிக்காரன். பேர் என்ன மகன்?"

"ம்ம்" என்றேன், உதட்டை இறுக்கிக்கொண்டு.

"வெக்கப்படுறான் சிஸ்டர்" என்றாள் சின்னம்மா.

வெட்கத்தைப் போக்க சிஸ்டர் ஒரு பட்டர் கேக் துண்டை எடுத்து வந்தார். திறமையின் உச்சிப்படியில் நின்ற நான் ஒரே பாய்ச்சலில் அடிப்படிக்கு விழுந்தேன். முன்பல் இல்லாதவன் கேக்கைக் கடைவாயில் சரித்துத்தான் கடிக்க வேண்டும். அதற்கு வாயை நன்றாக அகட்ட வேண்டும்.

சிஸ்டர் குனிந்து பார்த்தார். "முன்பல் விழத் தொடங்குற வயசென்ன, பிள்ளை?"

"ஆறு, ஏழில சிஸ்டர்" என்று சின்னம்மா ஒப்புவித்தாள். ஒப்புவித்த பிறகுதான் கையால் வாயைப் பொத்தினாள்.

"எனக்கு ஏழு" என்றேன் நான். கேக் தந்தவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

சிஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். சின்னம்மாவும் அழுகையோடு சேர்த்துச் சிரித்தாள். திடீரென்று சிஸ்டரின் சிரிப்பு நின்றது. என்னைச் சுவரோடு நிறுத்தி, தலையில் உள்ளங்கையை வைத்து உயரம் பார்த்தார். தராசில் ஏற்றினார். மறுபடியும் ஏற்றினார்.

"ஏழெண்டு நிச்சயமா?"

"ஓம் சிஸ்டர். ஞானஸ்நானத்துக்கு நான்தான் தூக்கிட்டுப் போனது."

"வீட்டில என்ன சாப்பிடுறான்?"

"பாண், சம்பல். கடலுக்குப் போகேலாத மாசங்கள்ல பாணும் தேத்தண்ணியும்."

"மீன்?"

"மீன் விக்கிறதுக்குத்தானே சிஸ்டர்."

சிஸ்டர் இன்னொரு துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் இரண்டாவது கேக் துண்டைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"பல்லுக்குச் சொன்ன விடை சரி" என்றார் சிஸ்டர் கடைசியில். "வாற சனி சரியான வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டு வா." பிறகு சத்துமாப் பொதிகள் இரண்டை என் கையில் தந்தார். நடிப்புக்குப் பரிசு என்று நினைத்தேன். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

மறுவாரம் கன்ன வீக்கம் வற்றிய அடுத்த வீட்டுப் பிள்ளை ஒற்றைக் காலில் நின்று சின்னம்மாவைப் பாஸாக்கியது. பாஸ்போட் அலுமாரிக்குள் கிடந்தே காலாவதியானது. கோயில் பக்கத்தில் பாலர் பாடசாலை தொடங்கியபோது, அவள் முதல் வாங்கியது கரும்பலகை அல்ல, பயறு அவிக்கப் பெரிய பானை. 'இவ படிப்பிக்கிறாவோ, சமைக்கிறாவோ' என்று ஊரில் கதைத்தார்கள்.

நான் கேக் தின்ற அந்தச் சனிக்கிழமை, திரும்பும் பஸ்ஸில் பொதிகள் என் மடியில் இருந்தன. சின்னம்மா வழியெல்லாம் என் கையை முழங்கைக்கு மேலே பெருவிரலாலும் நடுவிரலாலும் வளையம்போலச் சுற்றிப் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் இரண்டும் தாராளமாகத் தொட்டுக்கொண்டன. பஸ் குலுக்கத்தில் நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"விடுங்க சின்னம்மா, நான் என்ன அஞ்சு வயசுப் பிள்ளையா?"

அவள் விடவில்லை. விரல்களைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். அங்கேயும் அவை தொட்டுக்கொண்டன.