மலையை மேலே மாட்டிய அம்சவல்லி

அமிர்தி சாலையில் அம்சவல்லி அக்காவின் டீக்கடை. அதை ஒட்டி என் பங்சர் கடை. அக்கா மலைக்காரர். கல்யாணமாகி அடிவாரத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் பாதி மலைப்பெருமைதான். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

ஒருநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து சட்டம் போட்ட மேப்பு ஒன்றை வாங்கிவந்து சுவரில் மாட்டினார். வேலூர் வீடுகள் மலைப்பக்கம் நகரத் தொடங்கிய காலத்தில் அச்சிட்டது. வீடுகளெல்லாம் கறுப்புப் புள்ளிகள். அவை முடிகிற இடத்தில் பழுப்புக் கோடுகளாக ஜவ்வாது மலை. ஆனால் எழுத்தெல்லாம் தலைகீழாக இருந்தது.

“இன்னாக்கா, தலகீழா மாட்டிக்கீறே?” என்றேன்.

“நேரா வெச்சா வேலூரு மேல வருது, மலை கீழ பூடுது. மலை எங்கனா கீழ இருக்குமாடா?”

டீ குடிக்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அக்கா அசையவில்லை.

இந்த மாசியில், புளி இறங்கும் நேரம் பார்த்து, புதிதாக மனை போட்டவர்கள் மலையிலிருந்து எங்கள் கடைகளுக்கு எதிரே வந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையை மறித்துச் சுவர் எழுப்பினார்கள். சுற்றிப் போனால் புளி விற்ற காசு ஜீப் வாடகைக்கே போய்விடும். மலைக்காரர்கள் மனு கொடுத்தார்கள். தாசில்தார் நேரில் பார்க்க வந்தார்.

“இங்க பாதையே இருந்ததில்ல சார்,” என்றார் மனை விற்பவர்.

அக்கா கடைக்குள் ஓடி, மேப்பைக் கழற்றி மார்போடு அணைத்துத் தூக்கிவந்தார். தலைகீழாகவே நீட்டினார். மனை விற்பவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“மேப்ப எப்படிப் புடிக்கணும்னே தெரியல, இதுல சாட்சி வேற!”

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நாங்க மேலேர்ந்து எறங்கறவங்க சார். எறங்கற மாதிரியே பாருங்க,” என்று மலைமேல் விரலை வைத்தார். அங்கிருந்து பாதையைக் காட்டும் ஒரு புள்ளிக்கோடு, ஓடையைத் தாண்டி, நேராக அந்தச் சுவர் நின்ற இடத்துக்கு இறங்கியது. தாசில்தார் மேப்பைத் திருப்பவில்லை. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். அலுவலகப் பதிவிலும் தேடிப் பார்த்தபின், பாதையைத் திறக்க உத்தரவு போட்டார்.

சுவர் இடிந்த மறுநாள் காலையிலேயே அக்கா கடையைப் பூட்டினார்.

“மேல போய்ட்டு வர்றேன்டா.”

மதியம், புளிக்கூடைகளோடு ஒரு கூட்டமே மனைகளுக்கு நடுவே இறங்கி வந்தது. சுமக்க ஒன்றுமில்லாமல், கையை வீசிக்கொண்டு முன்னால் வந்தவர் அக்கா. புதிதாகச் சேர்ந்த காவலாளி மிரண்டுபோய்க் கேட்டார்:

“யாருங்க நீங்கள்லாம்?”

அக்கா நிற்கவே இல்லை.

“இந்த வழிக்காரங்க.”

கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அப்படி ஒரு பெருமையாக இருந்தது எனக்கு.